உப்பளத்திலிருந்து ஒரு துணி: ஜவுளி வடிவமைப்பு மாணவிக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தூத்துக்குடிப் பெண்; ஜவுளி வடிவமைப்பில் மூன்றாம் ஆண்டு. ‘கடற்கரை’ என்ற கருப்பொருளை எடுத்திருக்கிறீர்கள். படகு, வலை, சிப்பி, அலை என்று இணையத்திலிருந்து அறுபது படங்களைச் சேர்த்து அட்டையில் ஒட்டி, சிப்பியை வரைந்து ஒரு பார்டரும் செய்துவிட்டீர்கள். ஆசிரியர் பார்த்துவிட்டு, “இதில் யோசனை எங்கே வளர்ந்திருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். ஆறு வாரத்தில் 12 மாதிரித் துண்டுகளும் 3 மீட்டர் துணியும் கொடுக்க வேண்டும். யோசனையை எப்படி வளர்ப்பது, எந்த உத்தியை எடுப்பது என்று கேட்கிறீர்கள். கடிதத்தின் ஓரத்தில், போகிறபோக்கில், “எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் உப்பளம் தெரியும்” என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஒரு வரியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். அறுபது படங்களில் ஒன்றுகூட உப்பளம் இல்லை.

‘கடற்கரை’ மிகவும் பெரியது. எதை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம் என்பதால் எதையும் உற்றுப் பார்க்க வேண்டிய கட்டாயம் வராது. சிப்பியை நீங்கள் வரைந்த விதமும் உலகத்தில் எந்தக் கடற்கரை மாணவியும் வரையும் விதம்தான். உப்பளம் அப்படி இல்லை. மாடியேறினால் தெரிகிறது, நடந்து போகலாம், காலையில் ஒரு நிறம் மாலையில் ஒரு நிறம், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, அங்கே வேலை செய்பவர்களிடம் பேசலாம். ஆறு வாரத்துக்கு அது ஒன்றே போதும். கருப்பொருளை ‘உப்பு’ என்று மாற்றிக்கொள்ள ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். கடற்கரையின் கீழேதான் வருகிறது, மறுக்கமாட்டார்.

இனி, முதல் வாரத்தில் ஒரு சாயத்தையும் கலக்காதீர்கள், தறியையும் தொடாதீர்கள். உப்பளத்துக்குப் போங்கள். விடிந்ததும் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை. கையில் நோட்டு, ஒரு மெழுகு வண்ணக்கட்டி, நடுவில் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டிய ஓர் அட்டை. அந்த ஓட்டை வழியாக மட்டுமே பாருங்கள். பரந்த வெளியைப் பார்த்தால் எல்லோரும் அழகு என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். ஓட்டை வழியாகப் பார்த்தால் வரப்பின் விளிம்பில் உப்பு எப்படிப் பொருக்குக் கட்டியிருக்கிறது, காய்ந்த சேறு எந்தத் திசையில் வெடித்திருக்கிறது, தண்ணீர் வற்றிய கோடுகள் எத்தனை என்று தெரியும். பழைய மரக்கட்டை கிடந்தால் அதன்மேல் தாளை வைத்து மெழுகால் தேய்த்துப் பதிவு எடுங்கள். ஒரே பாத்தியை இருபது முறை வரையுங்கள். முதல் ஆறேழு ஓவியங்கள் நீங்கள் ஏற்கெனவே அறிந்ததைத்தான் காட்டும். பத்துக்குப் பிறகுதான் கை அலுத்துப்போய், கண் வேலை செய்யத் தொடங்கும்.

அங்கே உப்பு வாரும் அக்காமார்களிடம் கேட்காமல் அவர்களைப் படம் பிடிக்காதீர்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். நமக்கு அழகாகத் தெரியும் அந்த வெள்ளை அவர்களுக்கு நாள் முழுக்கக் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்திருக்கும். துணியில் வெறும் ‘தூய்மை’யாக வெள்ளையைக் காட்டுவதா, கண்ணை உறுத்தும் வெள்ளையாகக் காட்டுவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

உப்பு எப்படி உண்டாகிறது என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தடி உப்புநீரையோ கடல்நீரையோ பாத்தியில் விட்டு, வெயிலில் வற்றவைத்து, அடர்த்தி ஏற ஏற அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அடர்த்தியைப் பாமே என்ற அளவில் சொல்கிறார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 பாமே. உப்பு படிகமாகத் தொடங்குவது சுமார் 25-இல். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். அடர்த்தி கூடிய பாத்திகளில் உப்பிலே வாழும் நுண்ணுயிர்களால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் கரைந்து, வேலை நின்றுவிடும். இந்த விவரங்கள் எதற்கு என்று நினைக்காதீர்கள். 3, 25 என்ற இரண்டு எண்களையும் பின்னால் தறியில் கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன்.

வரைந்து முடித்ததும் ஒரு தாளில் வினைச்சொற்களை மட்டும் எழுதச் சொல்வேன். உப்பு எப்படி இருக்கிறது என்று எழுதவேண்டாம். என்ன செய்கிறது என்று எழுதுங்கள். வற்றுகிறது. படிகிறது. உறைகிறது. பொருக்குக் கட்டுகிறது. வெடிக்கிறது. அரிக்கிறது. கரைகிறது. விளைகிறது. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: நெல்லைப் போல உப்பும் நம் பேச்சில் ‘விளைகிறது’. உத்தியை எங்கே தேடுவது என்று கேட்டீர்கள் அல்லவா, இந்தப் பட்டியலில்தான். சிப்பியை வரைந்து அச்சடித்தபோது பொருளின் வடிவத்தை மட்டும் துணிக்கு மாற்றினீர்கள். வினைச்சொல்லை எடுத்துக்கொண்டால், உப்பு நிலத்துக்குச் செய்வதையே துணிக்குச் செய்யலாம்.

சில சொற்களை மட்டும் செய்து காட்டுகிறேன்.

‘வற்றுதல்’. மல் துணியை நனைத்து, கசக்கி, மடிப்புகள் மேடும் பள்ளமுமாக நிற்கும்படி ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் வைத்து, நீர்த்த பிக்மென்ட் சாயத்தைத் தெளித்து, வெயிலில் அசைக்காமல் விட்டுவிடுங்கள். மேடுகள் முதலில் காயும். காயும் இடத்தை நோக்கித் தண்ணீர் நகரும்போது சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மாலையில் பிரித்துப் பார்த்தால் மடிப்பின் உச்சிகளில் அடர்ந்த கோடுகளும் பள்ளங்களில் வெளிறிய நிறமும் இருக்கும். பாத்தியின் ஓரத்தில் தண்ணீர் வற்றிய கோடும் இதே காரணத்தால் விழுவதுதான். சாயத் தொழிற்சாலையில் உலர்த்தும்போது சாயம் இப்படி இடம்பெயர்ந்தால் அந்தத் துணியைக் குறை என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்களுக்கு அது உத்தி.

‘வெடித்தல்’. மைதா ஒரு கோப்பை, தண்ணீர் ஒரு கோப்பை, படிகாரத் தூள் இரண்டு தேக்கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து, பலகையில் இழுத்துப் பொருத்திய பருத்தித் துணியின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். காயும்போது துணியே சுருங்கி இழுத்துக்கொள்ளும். அதனால் நான்கு பக்கமும் ஊசி அடித்திருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் எடுத்துக் கசக்கினால் படலம் வெடிக்கும். வெடிப்புகளுக்குள் கெட்டியான பிக்மென்ட் பசையைத் தூரிகையால் தேய்த்து இறக்கி, காயவைத்து, இஸ்திரியால் சூடேற்றி நிறத்தை நிலைநிறுத்திய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு மாவை உரித்துவிடலாம். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாடிக் முறையிலும் வெடிப்பு வரும். பாரஃபின் அதிகம் இருந்தால் மெழுகு நொறுங்கும், தேன்மெழுகு அதிகம் இருந்தால் வளைந்துகொடுக்கும். ஆனால் மெழுகு வெடிப்பு நரம்பு போல ஓடும். மாவு வெடிப்பு, காய்ந்த சேறு போலவே கட்டம் கட்டமாகப் பிளக்கும். உங்களுக்கு மாவுதான் பொருத்தம்.

இதில் ஒரு நுணுக்கத்தை நான் மிகத் தாமதமாகக் கற்றேன். படலத்தின் கனத்தைப் பொறுத்துப் பிளவின் அளவு மாறுகிறது: கனமாகப் பூசினால் பெரிய பெரிய பாளமாக வெடிக்கும், மெலிதாகப் பூசினால் சின்னச் சின்னதாக. ஒரே துணியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கனத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கோடுகூட வரையாமல் நெருக்கத்திலிருந்து அகலத்துக்கு ஓடும் ஒரு வடிவம் கிடைத்துவிடுகிறது.

‘உறைதல்’. இதற்கு உப்பையே நேராகப் பயன்படுத்தலாம். மெல்லிய பட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பட்டுக்கான திரவச் சாயத்தைப் பூசி, ஈரம் பளபளக்கும்போதே கல்லுப்பைத் தூவி, காயும்வரை தொடாமல் விடவேண்டும். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தையும் நிறத்தையும் இழுத்து, வெளிறிய நட்சத்திரம் போன்ற தடத்தை விட்டுவைக்கும். உதறிவிட்டு, ஆவியில் வேகவைத்து நிறத்தை நிலைநிறுத்துங்கள். தூளுப்பு வேறு தடம், கல்லுப்பு வேறு தடம். பருத்தியில் இந்த அளவுக்கு வராது. அது சாயத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: பார்த்ததும் மயங்கவைக்கும் உத்தி இது. அதனால்தான் இறுதித் துணி முழுக்க இதையே செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 12 மாதிரிகளில் ஒன்றாக வையுங்கள்.

‘அரித்தல்’ என்பதற்கு வேதிப்பொருளால் இழையைக் கரைத்தெடுக்கும் முறைகள் உண்டு. அமிலம் பருத்தியைத் தின்னும், காரம் பட்டுத் துணியையும் கம்பளியையும் தின்னும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம், கூடவே ஓர் ஆய்வக உதவியாளர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். வீட்டில் கட்டாயம் வேண்டாம்.

பாத்திக்கும் வரப்புக்கும் தறிதான் சரியான இடம். தேன்கூட்டு நெசவை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் பின்னாமல் நீண்டு கிடக்கும் இழைகளும், ஓரங்களில் இறுக்கமான பின்னலும் வருவதால், தறியிலிருந்து இறக்கித் துவைத்ததும் ஓரங்கள் வரப்பு போல எழும்பி நடு குழியாகிவிடும். ஐந்தாறு விழுது (நீளவாக்கு நூல்களை ஏற்றி இறக்கும் சட்டம்) இருந்தால் குழி ஆழமாக விழும். நான்கு விழுதில் ஆழம் குறையும். தறியில் இருக்கும்போது தட்டையாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வரவில்லையே என்று அறுத்துவிடாதீர்கள். வெந்நீரில் போட்ட பிறகு பாருங்கள்.

இரண்டு பாத்திகள் இரண்டு நிறத்தில் ஒட்டி நிற்கும் இடத்துக்குக் காஞ்சிபுரத்தின் கோர்வை நெசவைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் ஓடம்), இரு கரைகளுக்கும் இரு நாடா என்று மூன்று நாடாக்கள். உடல் நிறமும் கரை நிறமும் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஊடைகளும் (குறுக்கே ஓடும் நூல்கள்) ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்கின்றன. நெய்பவருடன் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுப்பார். கோ-ஆப்டெக்ஸ் கடையில் ஒரு கோர்வைச் சேலையைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். எந்தத் துணியையும் முன்பக்கம் பார்த்தால் வடிவம் தெரியும்; பின்பக்கம் பார்த்தால் வேலை தெரியும். உங்கள் ஊருக்கு எட்டும் தொலைவிலேயே வீரவநல்லூரில் செடிபுட்டாச் சேலையும் பத்தமடையில் கோரைப் பாயும் நெய்கிறார்கள். ஒரு நாள் போய்த் தறியருகில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அண்ணாச்சி ஒருவர் சொல்லிக்கொடுப்பதை உங்கள் நோட்டில் அவர் பெயரோடு எழுதுங்கள். அவர் வடிவத்தை உங்கள் வடிவம் என்று காட்டாதீர்கள்.

இப்போது அந்த 3, 25.

பாத்திக்குப் பாத்தி அடர்த்தி ஏறுவதை அப்படியே துணியின் அடர்த்தியாக மாற்றலாம் என்பது என் யோசனை. துணியின் ஒரு முனையில் சென்டிமீட்டருக்கு 3 ஊடை, மறுமுனையில் 25 ஊடை. நடுவில் ஒவ்வொரு பாத்தி அகலத்துக்கும் ஒரு படி ஏற்றம். ஒரு முனையில் வலை போல வெளிச்சம் ஊடுருவும். மறுமுனை பலகை போல இறுகியிருக்கும். நிறமும் கூடவே போகலாம்: நீர்ச்சாம்பலில் தொடங்கி, நடுவில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு, முடிவில் வெள்ளை. இதை அச்சில் செய்ய முடியாது. தொட்டால்தான் தெரியும் துணி இது. ஒரு சிக்கல் இருக்கிறது. சாதா நெசவில் சென்டிமீட்டருக்கு 3 ஊடை நிற்காது. வழுக்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதிக்கு மட்டும் பாவு இழைகளை (நீளவாக்கில் ஓடும் நூல்களை) இரண்டிரண்டாக முறுக்கி ஊடையைப் பிடித்துக்கொள்ளும் லீனோ முறையைக் கையால் செய்யலாம். மூன்று மீட்டர் துணியில் அரை மீட்டர்தான், பொறுமையிருந்தால் முடியும். இல்லையென்றால் 8-இல் தொடங்குங்கள். எண்கள் ஒரு பிடிமானத்துக்குத்தான். துணி நிற்கவில்லை என்றால் எண்ணை விட்டுவிடலாம்.

நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கணினியில் புகைப்படத்திலிருந்து நிறம் எடுக்கும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டு விரல் அகலத்தில் அட்டைப் பட்டை வெட்டி, உப்பளத்தில் நின்றபடி கண்ணுக்குத் தெரியும் நிறங்களை அவற்றின் அளவுப்படி நூலாகச் சுற்றுங்கள். விடியற்காலைப் பட்டையில் சாம்பல் நீலம் நாற்பது சுற்று, மண்நிறம் பத்து, வெள்ளை இரண்டே சுற்று என்று வரலாம். உச்சி வெயில் பட்டையில் அது தலைகீழாகிவிடும். எந்த நிறம் என்பதைவிட எந்த நிறம் எவ்வளவு என்பதுதான் துணியில் பேசும். நம் நெசவாளர்கள் பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமும் போட்டு மயில் கழுத்து நிறம் கொண்டுவருகிறார்களே, அதே முறையில் சாம்பல் பாவும் வெளிர்சிவப்பு ஊடையும் போட்டுப் பாருங்கள். சாய்த்துப் பிடித்தால் நிறம் மாறும். பாத்தித் தண்ணீரும் அப்படித்தான் மாறுகிறது.

சேற்று நிறத்துக்குக் கடுக்காயும் இரும்பும். வெல்லம் கரைத்த தண்ணீரில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைப் போட்டு மூடி, இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டால் கலம்காரிக் கலைஞர்கள் பயன்படுத்தும் கருப்புச் சாயநீர் கிடைக்கும். கடுக்காய்க் கரைசலில் நனைத்து உலர்த்திய துணியில் அது பட்டதும் கண்ணெதிரே கருக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து விளைவிக்கும் நிறம் அது. நீர்த்துப் பயன்படுத்தினால் கருப்பு வராமல், உப்பளத்துக் களிமண்ணின் சாம்பல் வரும். கலம்காரியில் கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு, கோடு பரவாமல் நிறுத்துகிறது. கோடு வேண்டுமென்றால் பால் சேருங்கள்; படர வேண்டுமென்றால் சேர்க்காதீர்கள். இரும்பு அளவுக்கு மீறினால் பருத்தியை மெல்ல அரித்துவிடும். பழைய கலம்காரித் துணிகளில் கருப்புக் கோடு இருந்த இடம் மட்டும் உதிர்ந்துபோயிருப்பது இதனால்தான். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் ஊரில் இருக்கிறீர்கள், இரும்புக்குப் பஞ்சமில்லை. சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும். இம்பூறல் என்று சித்த மருந்துக் கடையில் சொல்வார்களே, அதே செடியின் வேர். கடலோர மணலில் வளர்வது. ஒரு காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் ஆள்வைத்துத் தோண்டியெடுத்த வேர் அது.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. உங்கள் முதல் ரியாக்டிவ் சாய (பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) கணக்கைப் போடும்போது இதைக் கவனியுங்கள்.

50 கிராம் பருத்தித் துணி. துணியின் எடையில் 2 சதவீத நிறம் என்றால் 1 கிராம் சாயம். துணியைப் போல 20 மடங்கு தண்ணீர் என்றால் 1 லிட்டர். நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 40 கிராம் உப்பு வைத்துக்கொள்வோம், பிறகு 15 முதல் 20 கிராம் சோடா சாம்பல். தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் துணி, 1 கிராம் சாயம், 40 கிராம் உப்பு. கிட்டத்தட்டத் துணியின் எடைக்கு உப்பு. ஏன் இவ்வளவு? தண்ணீருக்குள் பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின்தன்மை கொள்கிறது. சாயத்துக்கும் அதே எதிர்மின்தன்மை. ஒன்றையொன்று தள்ளும். இடையில் உப்பின் சோடியம் வந்து அந்தத் தள்ளலைத் தணித்த பிறகுதான் சாயம் இழையை நெருங்குகிறது. நெருங்கவைத்தபின் உப்புக்கு வேலை இல்லை. அதில் துளியும் துணியில் தங்காது. அலசும் தண்ணீரோடு அப்படியே வெளியே போய்விடும்.

எங்கே போகும் என்பதற்குத் திருப்பூர் பதில் சொல்கிறது. சாயப்பட்டறைகளின் உப்புநீர் நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. கீழே இருந்த வயல்களும் கிணறுகளும் பாழாயின. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீரை வெளியேற்றாமல் முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து மறுபடியும் சாயத்துக்கே அனுப்புகின்றன. பிரித்துப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு ஒதுங்கி நிற்கிறது.

உங்கள் ஊரில் நிலத்தில் உப்பு விளைகிறது. மேற்கே நொய்யல் கரையில் உப்பினால் நிலம் விளையவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு துணி இருக்கிறது. மாடியிலிருந்து தெரியும் உப்பளமும் கல்லூரிச் சாயவாளியில் நீங்கள் கொட்டும் உப்பும் ஒன்றுதான் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், ஆசிரியர் கேட்ட ‘யோசனை’ அங்கே நிற்கிறது. இதை இணையப் படங்களில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் மூன்று மீட்டர் துணி, 120 சென்டிமீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 100 கிராம் என்றால் மொத்தம் 360 கிராம். மேலே சொன்ன கணக்குப்படி 7.2 லிட்டர் சாயநீர், அதில் 288 கிராம் உப்பு. சாயமேற்றி முடித்ததும் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி மாடியில் வெயிலுக்கு வையுங்கள். பாத்தியில் நடப்பதே உங்கள் தட்டிலும் நடக்கும். சில நாளில் மிச்சச் சாயம் ஏறிய நிற உப்பு, சோடாவோடு சேர்ந்து விளையும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கைவைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள், வாயில் வைத்துவிடக் கூடாது. துணியைக் காட்டும் நாளில் அந்த உப்பைக் கண்ணாடிக் குப்பியில் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் துணி சுமாராக இருந்து குப்பி மட்டும் பேசினால் அது ஜவுளி வடிவமைப்பு ஆகாது. முதலில் துணி துணியாக நிற்க வேண்டும்.

மாதிரித் துண்டுகளைப் பற்றி. 12 வேண்டும் என்றால் 40 செய்யுங்கள். உள்ளங்கை அளவே போதும். ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்: மாவைக் கனமாகப் பூசினால் என்ன ஆகும், மெல்லிய 80-ஆம் நம்பர் நூலுக்குப் பதில் தடித்த 40 போட்டால் என்ன ஆகும் என்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. துண்டின் பின்னால் துணி, எடை, சாய சதவீதம், நேரம், தேதி எழுதிய சீட்டைத் தைத்துவிடுங்கள். ஒட்டினால் நனையும்போது போய்விடும். நான் மாணவனாக இருந்தபோது மிக நல்ல ஒரு சாம்பல் நிறம் கிடைத்தது, கைகாலெல்லாம் ஆடின சந்தோஷத்தில் எதையும் எழுதிவைக்கவில்லை. அந்த நிறத்தை இரண்டு மாதம் தேடினேன். கிடைக்கவே இல்லை.

தறி கிடைக்காத நாட்களிலும் நெசவை யோசிக்கலாம். ஜெர்மனியின் பாஹவுஸ் கலைப் பள்ளியில் நெசவு படித்து, 1933-இல் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போய்க் கற்பித்த அன்னி ஆல்பர்ஸ், தட்டச்சு இயந்திரத்தின் எழுத்துகளாலும் மக்காச்சோள மணிகளாலும் குத்திய தாளாலும் மாணவர்களை ‘துணி’ செய்யவைத்தார். நூலைத் தொடுமுன் மேற்பரப்பு எப்படி உருவாகிறது என்பதைக் கண் பழகிவிடுகிறது. நீங்கள் காகிதத்தில் ஊசியால் குத்தியும், அரிசியையும் கல்லுப்பையும் பசையில் அடுக்கியும் செய்து பாருங்கள்.

அச்சுத் துணியாகத்தான் முடிக்க வேண்டும் என்று கல்லூரியில் கட்டாயம் என்றால், அலகு, அதாவது திரும்பத் திரும்ப அச்சாகும் துண்டு வடிவம், திரும்ப வருவதில் கவனம். ஆலையில் அச்சடிக்கும் உருளையான சுழல் திரைக்கு வழக்கமான சுற்றளவு 64 சென்டிமீட்டர். அலகின் உயரம் 64, 32, 16 என்று அதற்குள் மிச்சமின்றி அடங்கும்படி வைத்தால் உங்கள் வடிவம் பின்னால் ஆலைக்கும் பயன்படும். நோட்டில் அழகாக இருக்கும் அலகு, சுவரில் தொங்கும்போது திடீரென்று ஒரு கோணல் கோட்டைக் காட்டும். நான்கு அலகுகளை ஒட்டிச் சுவரில் மாட்டி, பதினைந்து அடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கோடோ ஓட்டையோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இன்னொன்று: பாத்திகள் எல்லாம் ஒரே அளவுச் சதுரங்கள் அல்ல. நிலம் வளைகிற இடத்தில் வரப்பும் வளைகிறது. கணினி தரும் நேர்க்கட்டத்தில் வைத்துவிட்டால் அது குளியலறைத் தரை ஓடாகிவிடும். நீங்கள் வரைந்த இருபது ஓவியங்களிலிருந்து வரப்பை எடுங்கள்.

படங்கள் ஒட்டிய அட்டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய அறுபதையும் எடுத்துவிட்டு, உங்கள் சொந்த ஓவியம் நான்கு, தேய்ப்புப் பதிவு இரண்டு, நூல் சுற்றிய பட்டைகள் மூன்று வைத்தால் போதும்.

நாட்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: இரும்புத் தண்ணீர் புளிக்க நாளாகும் என்பதால் அதை இன்றைக்கே போட்டுவையுங்கள். முதல் வாரம் உப்பளம். அடுத்த இரண்டு வாரம் மாதிரிகள். மூன்றாம் வார இறுதியில் நாற்பதையும் தரையில் பரப்பி, தோழிகள் இருவரைக் கூப்பிட்டு, எதை முதலில் கையில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். கை போகும் இடம்தான் தெரியவேண்டும். நான்காம் வாரம் பாவு ஓட்டுவதற்கே போய்விடும், அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஐந்தாம் வாரம் நெசவு. ஆறாம் வாரத்தில் துணியை ஒருமுறை துவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகுதான் அளந்து ஓரம் தைக்க வேண்டும். தேன்கூட்டு நெசவு இருந்தால் துவைத்தபின் நன்றாகச் சுருங்கும். மூன்று மீட்டர் வேண்டுமென்றால் மூன்றரைக்கு மேல் நெய்யும்படி இப்போதே பாவு நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.